பாதியில் நின்ற பாட்டு

ஓசூரிலிருந்து பெங்களூருக்கு நாற்பது கிலோமீட்டர்தான். ஜூஜூவாடியில் தமிழ்நாடு முடிகிறது. அத்திப்பள்ளியில் கன்னடப் பெயர்ப்பலகைகள் தொடங்குகின்றன. அதற்கும் அப்பால் எலக்ட்ரானிக் சிட்டி. என் அக்காளின் பேரன் நாள்தோறும் காலையில் ஓசூரில் பேருந்தேறி, இந்த எல்லையைக் கடந்து, அங்குள்ள கணினி நிறுவனமொன்றில் வேலை பார்த்துவிட்டு இரவில் திரும்புகிறான். இருபத்திரண்டு வயது. போகும்போதும் வரும்போதும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பது அவன் வழக்கம்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகை முடிந்து நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவன் பக்கத்தில் வந்தமர்ந்து, காதுக் கருவிகளில் ஒன்றை எடுத்து என் காதில் வைத்தான். ஆங்கிலப் பாட்டு. கிதாரும் முரசும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின.

"என்ன பாட்டு தம்பி இது? எங்கள் ஆலையிலே தகடு வெட்டுகிற சத்தம் மாதிரி இருக்கே!" என்றேன்.

"இதைப் பாடினவர் இறந்த பிறகு வெளிவந்த பாட்டு, சின்ன நன்னா" என்றான்.

அதைக் கேட்டதும் என் கேலி அடங்கிவிட்டது. கருவியைக் காதில் நன்றாக அழுத்திக்கொண்டு மீண்டும் கேட்டேன்.

பாடியவர் பெயர் ஜோயி ரமோன். நியூயார்க் நகரத்தவர். 1974ஆம் ஆண்டில் அவரும் நண்பர்களும் சேர்ந்து 'ரமோன்ஸ்' என்னும் குழுவைத் தொடங்கினார்கள். அவர்கள் உடன்பிறந்தவர்கள் அல்லர்; ஆயினும் குடும்பப் பெயர்போல எல்லாரும் 'ரமோன்' என்பதையே சூட்டிக்கொண்டார்கள். அவர்கள் பாடியதைப் 'பங்க் ராக்' என்கிறார்கள். அலங்காரமில்லாத இசை, அவசரமான தாளம், இரண்டு நிமிடத்தில் முடிந்துபோகும் பாட்டு. 1996இல் குழு கலைந்தது. அதன்பின் ஜோயி, நிணநீர்ப் புற்றுநோயோடு போராடிக்கொண்டே, தமக்கென்று ஒரு தனித் தொகுப்பைப் பாடிப் பதிவு செய்து வந்தார். 2001 ஏப்ரல் 15ஆம் நாள், ஐம்பது வயது நிறைய ஒரு மாதமே எஞ்சியிருக்கையில், காலமானார். 'என்னைப் பற்றிக் கவலைப்படாதே' என்று பொருள்படும் தலைப்போடு அந்தத் தொகுப்பு 2002 பிப்ரவரியில் வெளிவந்தது. உலகத்தின் அழகைக் கண்டு மகிழும் பாட்டொன்றை லூயி ஆம்ஸ்ட்ராங் 1967இல் பாடியிருந்தார். நோயுற்ற அந்த மனிதரின் தொகுப்பில் முதற்பாட்டாக அமைந்தது அதுதான்.

பேரன் இவ்வளவையும் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. சற்றுத் தயங்கி, மெல்லக் கேட்டான்:

"நம்ம நன்னா பாடின கேசட் ஒண்ணு நன்னிமாகிட்ட இருக்குன்னு அம்மா சொல்வாங்களே, அது இன்னும் இருக்கா? அதிலே ஒரு பாட்டு பாதியிலே நின்னு போச்சாமே. இப்போ இருக்கிற இயந்திரத்துக்குக் கொஞ்ச நேரக் குரல் கிடைச்சாப் போதும். மிச்சத்தை அவர் குரலிலேயே பாடி முடிச்சிடலாம்."

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

அவன் நன்னா, என் மச்சான். திருவாரூர்ப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். ஓசூர்த் தொழிற்பேட்டை வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் இங்கு வந்து, பெரிய ஆலைகளுக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுக்கும் லேத் பட்டறையொன்றில் சேர்ந்தார். 1981இல் ஐ.டி.ஐ. சான்றிதழோடு வந்த என்னையும் அவரே ஓர் ஆலையில் சேர்த்துவிட்டார். அன்று ஓசூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். மூக்கண்டப்பள்ளியில் ஓட்டு வீடொன்றின் இரண்டு அறைகளில் மச்சான், அக்கா, நான் மூவரும் குடியிருந்தோம். மறு ஆண்டு ஒரு பெண்குழந்தை பிறந்து நால்வரானோம். ஒரு பக்கத்து வீட்டில் தெலுங்கு, மறுபக்கத்தில் கன்னடம், எதிர்வீட்டில் தக்கினி உருது. தமிழ் கேட்க வேண்டுமென்றால் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வர வேண்டும். அதுவும் மச்சான் பாடும்போது.

அவருக்கு நல்ல கண்டம். ஆனால் எல்லாரும் அவரிடம் கேட்டது இசைமுரசு நாகூர் ஹனீபா அவர்களின் பாட்டைத்தான். நிக்காஹ் வீடுகளிலும் மீலாது மேடைகளிலும் ஹனீபா அவர்களின் கம்பீரத்தை அப்படியே கொண்டுவருவார். கிருஷ்ணகிரியில் சையத் பாஷா மலையடிவாரத்தில் ஒரு விழாவுக்கு அவரோடு போயிருக்கிறேன். கூட்டத்தில் பெரும்பாலோர் உருது பேசுகிறவர்கள். தமிழ்ப் பாட்டின் சொற்கள் பலருக்கு விளங்கியிரா, குரல் விளங்கியது. முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து அவர் கையைப் பற்றிக்கொண்டு, "கண்ணை மூடினா ஹனீபா சாஹிபே நிக்கறாரு!" என்றார். வீடு திரும்பும் பேருந்தில் மச்சான் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "கண்ணைத் திறந்தா நான்தானே நிக்கிறேன்!" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அது எனக்கு மறக்கவில்லை.

1983ஆம் ஆண்டு, சஃபர் போய்வந்த உறவினர் ஒருவர் டூ-இன்-ஒன் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் அறுபது நிமிட நாடாவைப் போட்டு, இஷாவுக்குப் பின், இரவுப் பணி இல்லாத நாட்களில் மச்சான் பாடிப் பதிந்தார். தாளத்துக்கு ஒரு பிஸ்கட் தகர டப்பா. அந்தப் பாட்டுகள் ஹனீபா அவர்களுடையவை அல்ல. அவரே கட்டிய பாட்டுகள். குரலும் மேடையில் கேட்ட குரலன்று. தணிந்த, கொஞ்சம் கரகரத்த, பட்டறையிலிருந்து களைத்து வந்த மனிதனின் குரல். ஆறு பாட்டுகள் முழுமையாகவும் ஏழாவது பாதியாகவும் பதிவாகின. பெங்களூரில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் முறையாகப் பாட வேண்டுமென்று பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். 1986இல் மஞ்சட்காமாலை கண்டு, இருபது நாள் படுக்கையில் கிடந்து, முப்பத்து நான்காம் வயதில் வஃபாத்தானார். மகளுக்கு அப்போது நான்கு வயது. கேசட்டை அக்கா ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். இத்தனை ஆண்டுகளில் அதை ஒருமுறைகூடப் போட்டுக் கேட்கவில்லை.

பேரன் கேட்ட கேள்வி என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. மறைந்தவர்களின் குரல் பிறகு வெளிவருவது புதிதன்று. முகம்மது ரஃபி 1980 ஜூலை 31ஆம் நாள், ரமலான் மாதத்தில், மறைந்தார். மறைவதற்குச் சில நாட்களுக்கு முன்தான் 'ஆஸ் பாஸ்' என்னும் படத்துக்குப் பாடியிருந்தார். படம் 1981இல் திரைக்கு வந்தது. எங்கள் எதிர்வீட்டு உருதுக் குடும்பத்தார் அந்தப் பாட்டு வானொலியில் வரும்போதெல்லாம் அடுப்படி வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அதில் எவருக்கும் உறுத்தல் இல்லை. பாடியவர் பாடி முடித்தார். ஒலிப்பதிவாளர் பதிந்து முடித்தார். வெளிவர நேரம் பிந்தியது, அவ்வளவுதான். ஜோயி ரமோனின் 2002ஆம் ஆண்டுத் தொகுப்பும் ஏறக்குறைய இந்த வகையே.

ஆனால் அதற்கு அடுத்த படி ஒன்று உண்டு. அதே ஜோயியின் பெயரில் 2012இல் இன்னொரு தொகுப்பு வந்தது. அவர் ஒத்திகையாகப் பாடிப் பதிந்து வைத்திருந்தவற்றை அவருடைய தம்பி மிக்கி லீயும் நண்பர்களும் எடுத்து, தாங்கள் இசை சேர்த்து முடித்தார்கள். குரல் அவருடையது, முடிவு பிறருடையது.

மூன்றாவது படி ஜான் லெனனின் பாட்டு. 1980 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட அவர், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே ஒரு பாட்டைச் சாதாரண கேசட்டில் பதிந்திருந்தார். 1995இல் எஞ்சியிருந்த மூன்று தோழர்கள் அதை முடிக்க முயன்றனர். நாடாவின் இரைச்சலும் பியானோவும் குரலோடு கலந்து கிடந்ததால் கைவிட்டனர். பிறகு வந்த கணினி முறை, கலந்து கிடந்த ஒலிகளிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுத்தது. 2023 நவம்பரில் 'நவ் அண்ட் தென்' என்ற பெயரில் பாட்டு வெளிவந்தது. இயந்திரம் இங்கே எதையும் புதிதாகப் பாடவில்லை. அரிசியிலிருந்து கல்லைப் பொறுக்குவதுபோல், இருந்ததைத் துலக்கிக் கொடுத்தது.

நான்காவது படி நம் தமிழிலேயே நிகழ்ந்தது. 'உசிலம்பட்டி பெண்குட்டி' என்ற பாட்டைப் பாடிய சாகுல் ஹமீதை அறியாத வீடு தமிழகத்தில் குறைவு. 1993இல் 'ஜென்டில்மேன்' படத்தில் வந்த பாட்டு அது. 'திருடா திருடா' படத்தில் இசைக்கருவிகளின் துணை பெரிதும் இல்லாத 'ராசாத்தி' பாட்டையும் அவர்தான் பாடினார். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சாலை விபத்தொன்றில் மறைந்தார். பம்பா பாக்யா '2.0' படத்தில் 'புள்ளினங்காள்' பாடியவர். 2022 செப்டம்பர் 2ஆம் நாள் மறைந்தார். இவ்விருவரின் குரலிலும் 'லால் சலாம்' படத்துக்காக 'திமிறி எழுடா' என்னும் பாட்டை ஏ.ஆர். ரகுமான் 2024இல் வெளியிட்டார். அந்தப் பாட்டை அவர்கள் இருவரும் பாடவில்லை. அவர்களுடைய குரலைச் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிக் கொடுத்தது. குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் அனுப்பியதாக ரகுமான் அறிவித்தார். அதே ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் காலமான பவதாரிணியின் குரலை, அவருடைய தம்பி யுவன் சங்கர் ராஜா இதே முறையில் மீட்டு, ஜூன் மாதம் ஒரு திரைப்பாட்டில் சேர்த்தார்.

'திமிறி எழுடா'வை நான் முதன்முதலில் கேட்டபோது கண் கலங்கியதை மறைக்க மாட்டேன். சாகுல் ஹமீதின் குரல் கால் நூற்றாண்டுக்குப் பின் திரும்பி வந்ததுபோல் இருந்தது. அவருடைய குடும்பத்தார் மகிழ்ந்திருந்தால் அதைக் குறைசொல்ல நான் யார்? கேட்காமல் எடுப்பவர்கள் நிறைந்த உலகத்தில் கேட்டுப் பெற்றது பெரிய பண்பு.

ஆனால் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பேரன் விளக்கியபோது மனம் வேறு திசையில் போயிற்று. மறைந்தவரின் பழைய பதிவுகளைக் கேட்டு இயந்திரம் அவர் குரலின் சாயலைப் பயில்கிறது. பிறகு, பெரும்பாலும், உயிரோடிருக்கும் ஒரு பாடகர் புதிய பாட்டைப் பாடுகிறார். அவர் குரலின் மேல் இயந்திரம் மறைந்தவரின் சாயலைப் பூசிவிடுகிறது. எங்கே நிறுத்துவது, எங்கே மூச்சு வாங்குவது, எந்தச் சொல்லில் அழுத்துவது என்பதெல்லாம் உயிரோடிருப்பவருடையவை. நிறம் மட்டும் மறைந்தவருடையது.

இதைக் கேட்டதும் எனக்குக் கிருஷ்ணகிரிப் பேருந்தும் மச்சானின் சிரிப்பும் நினைவுக்கு வந்தன. வாழ்நாளெல்லாம் பிறர் விருப்பத்துக்காக இன்னொருவர் குரலில் பாடியவர் அவர். தம்முடைய குரலில், தம்முடைய பாட்டை, தம் விருப்பத்துக்குப் பாடியது அந்த நாடாவில் மட்டுமே. அதிலும் நாம் இன்னொருவர் மூச்சை நுழைத்துவிட்டால், அவருக்கென்று எஞ்சுவது என்ன?

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது என்று தெரிந்தவர்களைக் கேட்டேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பாடகருக்கு அவர் பாடியதன்மேல் உரிமை தருகிறது. அவ்வுரிமை, பாடிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டுகளுக்கு நீடிக்கும். ஆனால் அது பாடியதற்குத்தான். பாடாததை அவர் குரலில் செய்வது அச்சட்டம் இயற்றியவர்களின் கனவிலும் வந்திராது. உயிரோடிருக்கும் பாடகர் அர்ஜித் சிங் நீதிமன்றம் சென்றபோது, அவர் குரலை இயந்திரத்தால் பிரதி செய்வதற்கு 2024 ஜூலையில் பம்பாய் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆனால் 2023இல், மறைந்த நடிகர் ஒருவரைப் பற்றிய வழக்கில், ஒருவருடைய ஆளுமைக்குரிய உரிமைகள் அவரோடே முடிந்துவிடுகின்றன என்று டில்லி உயர்நீதிமன்றம் கருத்துரைத்தது. ஆக, உயிரோடிருப்பவர் வழக்காடலாம். மறைந்தவருக்காகப் பேச வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தாம்.

நம் வீடுகளில் இதற்கு ஒரு பழைய சொல் உண்டு: அமானிதம். ஒருவர் நம்மிடம் வைத்துப்போன பொருளைக் காப்பது கடமை. அதைத் தன் விருப்பம்போல் மாற்றுவது காப்பதாகாது. அக்கா வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்ததும் அப்படியொரு பொருள்தான்.

எதற்கும் முதலில் கேசட்டைக் கேட்டுப் பார்ப்போம் என்று முடிவாயிற்று. துணியைப் பிரித்தபோது நாடா கெடாமல் இருந்தது. நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத் துண்டு மட்டும் பசை உலர்ந்து உதிர்ந்துவிட்டது. முப்பத்தைந்து ஆண்டுகள் கருவிக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். புதிய கேசட் ஒன்றின் திருகாணிகளைக் கழற்றி, அதன் கூட்டுக்குள் பழைய நாடாச் சுருள்களை நானே மாற்றி வைத்தேன். என் கை அவ்வளவு நடுங்கியதில்லை. பேரன் நண்பரிடமிருந்து ஒரு நல்ல இயக்குபெட்டி வாங்கி வந்து, அதைக் கணினியோடு இணைத்தான்.

அன்று மஃரிபுக்குப் பின் அக்கா, அவள் மகள், பேரன், நான் நால்வரும் உட்கார்ந்தோம். முதலில் இரைச்சல். அதற்குள்ளிருந்து தகர டப்பாவின் தாளம். பிறகு மச்சான் பாடினார். நாற்பத்து மூன்று வயதான மகள் தன் தந்தையின் குரலை அறிந்து கேட்பது அதுவே முதல் தடவை. அவள் அழவில்லை; ஒலிபெருக்கிக்கு அருகே நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். மூன்றாம் பாட்டின் நடுவே எங்கோ ஓர் ஆலையின் சங்கு ஊதியது. அது இரவுப் பணிக்கான சங்கு என்று எனக்குத் தெரியும். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏழாவது பாட்டு வந்தது. ஆறையும்விட நன்றாக இருந்தது. இரண்டாவது சரணம் தொடங்கி, குரல் மேலேறும்போது, பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. தாளம் நின்றது. "அழாதேம்மா, இதோ அத்தா வந்துட்டேன்" என்று மச்சானின் குரல். பிறகு பொத்தான் அழுத்தும் ஓசை. அதன்பின் வெறும் நாடா ஓடியது.

யாரும் பேசவில்லை. வெகுநேரம் கழித்துப் பேரன், "நன்னிமா, இதை முடிக்கவா?" என்றான். அவன் குரலில் முன்பிருந்த உற்சாகம் இல்லை.

அக்கா சொன்னாள்: "அழுத பிள்ளையைத் தூக்கத்தானே எழுந்து போனாரு. அவரைப் போகவிடுங்க."

அதோடு பேச்சு முடிந்தது. நாடாவின் இரைச்சலை மட்டும் பேரன் பக்குவமாகக் குறைத்தான். சங்கொலியையும் குழந்தையின் அழுகையையும் தொடவில்லை. ஆறு பாட்டுகளையும் பாதிப் பாட்டையும் அதே வரிசையில் உறவினர்களுக்கு அனுப்பினோம். மறைந்து முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் மச்சானின் பாட்டுத் தொகுப்பு வெளிவந்தது. ஊரிலிருந்து ஒரு முதியவர் தொலைபேசியில் அழைத்து, "ஹனீபா பாட்டுப் பாடுவாரே, அவரா இது? குரலே வேறயா இருக்கே!" என்று கேட்டார். ஆமாம், இதுதான் அவர் குரல் என்று சொன்னேன்.

சில வாரங்களுக்குப் பின் பேரன் என்னிடம் வந்தான். கையில் தொலைபேசி.

"சின்ன நன்னா, உங்க பழைய கதையெல்லாம் சொல்லுங்க, பதிஞ்சு வச்சுக்கறேன். ஆனா உங்க குரலை வச்சு நாங்க எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாதுன்னு முதல்லே நீங்களே சொல்லிடுங்க" என்றான்.

பதிவில் முதல் வார்த்தையாக அதைத்தான் சொன்னேன். பிறகு மூக்கண்டப்பள்ளி வீட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.